நான் காட்டிக்கொடுத்த ஐஸ்லாந்துக்காரன்

டென்மார்க்கில் ஹேர்னிங் நகரில் எங்களுக்கு டேனிஷ் படிப்பித்தவர் தங்கமான மனுசி. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியும், நாங்கள் "ரீச்சர்" என்றே கூப்பிட்டோம்.

அந்தக் குளிர்காலம் அவர் ஐஸ்லாந்தின் பழைய வீரகதை ஒன்றை இலகு டேனிஷில் கொண்டுவந்தார். கதாநாயகன் ஊர்ச்சபை தள்ளிவைத்தவன். கண்டவர் கொல்லலாம், சாப்பாடு கொடுத்தவருக்கும் தண்டனை. ஆனால் ஆள் எமகாதகன். மேலங்கியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, தன்னைத் தேடி வந்த கூட்டத்தோடு சேர்ந்து தானே தன்னை அரை நாள் தேடினான். வகுப்பில் எல்லோரும் யாழ்ப்பாணம், மன்னார் ஆட்கள். அவனைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

எனக்கோ மனைவியின் கவலை. அவளை இங்கே கூப்பிட விண்ணப்பித்து இரண்டு வருடமாகியும் அமைச்சில் ஒன்றும் அசையவில்லை. அவள் கொழும்பில் ஓர் அறையில் காத்திருந்தாள். நன்றாக டேனிஷ் படிக்கிறார் என்று ரீச்சர் எழுதித் தந்தால் அசையும் என்று யாரோ சொன்னார்கள். கேட்டேன். கதையிலிருந்து கேள்வி கேட்பேன், வாயால் பதில் சொல்பவருக்குக் கடிதம் தருவேன் என்று வகுப்புக்கே அறிவித்துவிட்டார்.

"தேடி வந்தவர்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் எங்கே ஒளிந்திருந்தான்?"

முன்வாங்கில் இருந்தவர் உடனே "தெரியாது" என்றார். அடுத்தவர், "நான் காணவில்லை." மன்னார் அண்ணை ஒருபடி மேலே போய், "அவன் இந்தப் பக்கம் வந்தே ஆறு மாதம்" என்று அடித்துவிட்டார்.

ரீச்சரின் முகம் வாடிப்போயிற்று. நாங்கள் புத்தகத்தைத் திறக்கவேயில்லை என்று நினைத்துவிட்டார். ஆமிக்காரன் வாசலில் நின்று இதே கேள்வியைக் கேட்ட ஊரிலிருந்து ஓடி வந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் வாய் தானாகவே அந்தப் பதிலைத்தான் சொல்லும்.

என் முறை வந்தது. பின்னாலிருந்து அண்ணை மெதுவாக, "தம்பி, சொல்லிப்போடாதை. பாவம் அவன்" என்றார்.

மனைவியை நினைத்துக்கொண்டேன். "ஆட்டுக் கம்பளிக் குவியலுக்குள்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "களஞ்சிய அறையில், கதவுக்கு இடப்பக்கம். குவியலுக்கு மேலே வீட்டுக்காரி இருந்து நூல் நூற்கிறாள்" என்று கேட்காததையும் கொட்டிவிட்டேன். ரீச்சர் கைதட்டினார். வேறு ஒருவரும் தட்டவில்லை.

இடைவேளையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்ற ஆளில்லை. "அந்த வீட்டுக்கார மனுசியையும் சேர்த்தெல்லோ மாட்டிவிட்டிட்டாய்" என்றார் அண்ணை. சத்தியமாக எனக்கு வெட்கமாக இருந்தது.

கடிதம் கிடைத்தது, அனுப்பினேன். மாதங்கள் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: பரிசீலனையில் இருக்கிறது. அதை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவனையும் காட்டிக் குடுத்தாச்சு. உன்ர மனுசியும் வரேல்லை."

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்த நான் திடீரென்று அழுதுவிட்டேன். அண்ணை என் தோளைப் பிடித்துக்கொண்டார். தன் மனைவிக்காக அவர் விண்ணப்பித்தது எனக்கும் ஒரு வருடம் முந்தி என்று அப்போதுதான் சொன்னார்.