மீன் சுற்றிய வரைபடம்

ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்கிய காலத்தில் நாங்கள் பாலையூற்றில் வாடகைக்கு இருந்தோம். கலியாணம் முடித்து இரண்டு வருசம். என் மனுசனுக்குச் சீனன்குடாப் பக்கம் ஒரு கொம்பனியில் கிளாக் வேலை. நான் வீட்டில் இருந்தபடி ரியூசன் வாத்திமாருக்குக் கேள்வித்தாள் ரைப் பண்ணிக் கொடுப்பேன். அதற்கென்று வாங்கிய பழைய கொம்பியூட்டருக்குள் முந்தி வைத்திருந்தவர் ஒரு கேமை விட்டிருந்தார். அதைத் திறந்த நாளில் பிடித்தது எனக்குச் சனியன்.

அதற்குள் பெரிய நகரம் ஒன்று இருந்தது. மதில், கோபுரம், கால்வாய், சந்தை, கீழே கப்பல்கள் கட்டிய துறைமுகம். நான் வாள் வைத்திருக்கும் ஒரு பொம்பிளை. என்ன வேலையும் செய்யாமல் சும்மா நடந்து திரியலாம். எங்களூரில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நான் சந்திக் கடைக்கும் போவதில்லை. அங்கே யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும், காவல்காரன் நிற்கிற மூலை வந்தால் முதல் கிழமை முழுக்க என் விரல் தானாக நின்றுவிடும். அவன் பாட்டுக்கு நிற்பான். நான்தான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து வியர்ப்பேன்.

பிறகு பயம் தெளிந்து கொழுப்புக் கூடிவிட்டது. காவல்காரரைச் சீண்டத் தொடங்கினேன். ஒருவனுக்கு அடித்துவிட்டுக் கடலுக்குள் குதித்தால் பிடிக்கமாட்டார்கள். என் மனுசன் சிரிப்பார். "ஆமிச் சென்றிப் பொயின்ற்றைக் கண்டால் உமக்கு வாய் உலருது. உதுக்குள்ளை மட்டும் பெரிய சண்டித்தனம்" என்பார். அவர் ஒருநாளும் விளையாடியதில்லை.

அந்த ஊருக்குள் எனக்கு வழி பிடிபடவே இல்லை. ஆகவே சதுரக்கோட்டுக் கொப்பித் தாளில் வரைபடம் கீறினேன். அவர்களின் தெருப்பெயர்கள் என் வாயில் நுழையாது. எங்களூர்ப் பெயர்களையே வைத்தேன். பெரிய வாசலுக்குக் கோட்டை வாசல். கடலோரத் தெருவுக்கு உட்துறைமுக வீதி. கப்பல் திருத்துகிற இடத்துக்கு, எங்களூரில் நேவி இருக்கிற டொக்யார்ட்டின் பெயர். எந்த மூலையில் எத்தனை காவல், எப்போது ஆள் மாறும், எந்தக் கழிவுத் தண்ணிக் கானுக்குள்ளால் இறங்கினால் கப்பலடியில் ஏறலாம், எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதினேன். விசர், வேறென்ன.

ஒரு வியாழக்கிழமை காலமை எழும்பப் பிந்திவிட்டது. பஸ் வரப்போகிறதென்று அவர் வாசலில் நின்று கத்துகிறார். சோற்றைக் கட்டிவிட்டேன், பொரித்த மீனைச் சுற்றப் பேப்பர் இல்லை. மேசையில் கையில் பட்ட தாளை எடுத்துச் சுற்றிப் பையில் வைத்து அனுப்பினேன்.

எட்டரைக்கு அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். படலைக்கு வெளியே நின்றபடியே சொன்னார்.

"தங்கச்சி, சென்றிப் பொயின்ற்றிலை ஆமிக்காரர் அவரைப் பஸ்ஸாலை இறக்கிப் போட்டாங்கள். மீன் சுத்தின தாளிலை ஏதோ மாப் இருக்காம். அவர் ஒண்டும் தெரியாது எண்டு நிக்கிறார்."

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அந்தத் தாளை அவர் கண்ணாலும் கண்டதில்லை. தெரியாது என்று அவர் சொல்லச் சொல்ல அது பொய்யாகத்தான் கேட்கும். அந்த நாட்களில் அப்படி இறக்கப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. உடுத்த உடுப்போடு ஓடினேன்.

மண்மூட்டைக்குப் பக்கத்தில் அவரைத் தரையில் இருத்தியிருந்தார்கள். சேட்டுப் பொத்தான் இரண்டைக் காணவில்லை. என்னைக் கண்டதும் போ என்று தலையை ஆட்டினார். நான் போகவில்லை. அது கேம், நான்தான் கீறினேன், அவர் பாவம் என்று தமிழும் தெரிந்த நாலு சிங்களச் சொல்லுமாகக் கத்தினேன். அங்கே இருந்த ஒபிசருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும். எண்ணெய் ஊறிய தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது டொக்யார்ட். இது கோட்டை. எழுதி இருக்குதானே?"

"பேர் மட்டுந்தான் ஐயா. இடம் வேறை. வீட்டை வாங்கோ, காட்டுறன்."

என் மனுசனை அங்கேயே விட்டுவிட்டு என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். நல்லகாலம், கறண்ட் இருந்தது. ஒபிசர் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டார். பின்னால் இரண்டு பேர் துவக்கோடு. கொம்பியூட்டர் எழும்புகிற அந்த மூன்று நிமிசத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும் நேர்ந்தேன்.

படம் வந்தபிறகுதான் நினைவு வந்தது. கடைசியாக நான் நிறுத்தியது ஒரு காவல்காரனை வெட்டிவிட்டு. அந்த நகரம் முழுக்க என்னைத் தேடிக்கொண்டிருந்தது.

"கோட்டை வாசல் காட்டுங்க" என்றார்.

நடந்தேன். சுவரோரமாக, ஆட்கள் இல்லாத ஒழுங்கைகளால் நடந்தேன். வாசலடியில் இரண்டு பேர் கண்டுவிட்டார்கள். வாளை உருவிக்கொண்டு வந்து மறித்தார்கள். திரையில் இங்கிலிசில் எழுத்து வந்தது: சரணடை, அல்லது சண்டை போடு. ஒபிசர் அதை வாய்விட்டு வாசித்தார்.

"இவங்களுக்கு என்ன செஞ்சீங்க?"

"தெரியாமல் முட்டுப்பட்டுப் போச்சுது, ஐயா."

"வழமையா என்ன செய்வீங்க?"

பின்னால் நின்றவர்களில் ஒருவரின் சப்பாத்து அசைந்தது. சரணடை என்பதை அமத்தினேன். வாழ்க்கையில் அந்தக் கேமில் நான் சரணடைந்தது அந்த ஒரு தரந்தான். திரை கறுத்தது. பத்து நாள் சிறை என்று வந்தது. கண் மூடித் திறக்கமுதல் பத்து நாளும் போய், நான் மறியல் வாசலில் வெயிலில் நின்றேன்.

"அவ்வளவுதானா?" என்று ஒபிசர் சிரித்தார்.

பிறகு அவர் தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார், நான் கொண்டுபோய்க் காட்டினேன். உட்துறைமுக வீதி, டொக்யார்ட், கான். ஒன்றிலும் பிழை இல்லை. "சரி, கேம்தான்" என்றார். தாளை மடித்துப் பொக்கற்றில் வைத்தார், கொம்பியூட்டர்ப் பெட்டியைத் தூக்கச் சொன்னார்.

"என்ரை மனுசனை விடுவீங்களோ ஐயா?"

"நம்ம கையில இல்ல. றிப்போட் போயிட்டு. வேற ஆக்கள் விசாரிப்பாங்க."

பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் போய் அந்த மண்மூட்டைக்கு முன்னால் நின்றேன். ஒவ்வொரு நாளும் இங்கே இல்லை என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. சாப்பிட ஏலாது, படுக்க ஏலாது. படலை அசைந்தால் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவர் தானே நடந்து வந்தார். தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசவில்லை. குசினிக்குள் வந்து தரையில் குந்தி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"டொக்யார்ட் வாசலிலை எத்தினை காவல்?"

"எங்கை?"

"உம்மடை கேமிலை. திருப்பித் திருப்பி அதைத்தான் கேட்டவங்கள். தெரியாது எண்டால் அடி. அதாலை நாலு எண்டு சொன்னன். அதுக்கும் அடிச்சவங்கள்."

"ஆறு" என்றேன்.

அவர் ஆறு, ஆறு என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், இன்னொருக்கால் கேட்டால் மறக்காமல் இருக்க.