டைகரைக் காப்பாற்றச் சொன்ன பொய்

என் கணவர் சரக்கு ரயிலில் கார்டு. டூட்டிக்குப் போனால் திரும்பி வர நாளாகும். குழந்தை இல்லாத எனக்கு, விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் டைகர்தான் துணை. திண்டிவனத்தில் அம்மா வீட்டிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்த நாய்.

போன மாசியில் அது தண்ணீரைத் தொடாமல் கட்டிலுக்கடியில் உறுமிக்கொண்டு கிடந்தது. வெறி பிடித்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. வெளியே தெரிந்தால் அடித்துக் கொன்றுவிடுவார்களே என்று மறைத்தேன். அன்று மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பாத்திமாவின் காலில் அது பல்லைப் பதித்துவிட்டது.

“ஊசி போட்டுக்கணுமா அக்கா?” என்று கேட்டாள்.

“வேணாம்மா. நாய் நல்லாத்தான் இருக்குது. மஞ்சள் வெச்சுக்கோ” என்றேன். நம்பிப் போனாள்.

மறுநாள் டைகர் நுரை தள்ளிச் செத்தது. ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரிஞ்சிக்கினேவா சொல்லாம இருந்தீங்க? நான் கொழந்தைக்குப் பால் குடுக்கிறவ அக்கா” என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசி போட்ட ஒவ்வொரு நாளும் அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவள் பிழைத்துக்கொண்டாள். கடைசி ஊசி முடிந்து திரும்பும்போது சொன்னாள்:

“தனியா இருக்க முடியலன்னா என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. நடுவுல ஒரு சுவருதானே.”

இப்போது வேறொரு நாய் வளர்க்கிறேன். அது யாரையாவது கீறினால்கூட உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுவேன். சாயங்காலங்களில் பாத்திமா வீட்டுக்கு நானே போகிறேன். அவள் எப்போதும்போல் பேசுகிறாள். எனக்குத்தான் இன்னும் தலை நிமிரவில்லை.

– ஒரு வாசகி, விழுப்புரம்