வேண்டுதல் இல்லாத மொட்டை

“இது புண்ணு மாரி இல்ல, தக்காளித் தொக்கு மாரி கீது. ஜனம் பயப்படாது, சிரிக்கும்.”

ஒப்பனை போட்ட என் கையைக் கேமரா வழியாகப் பார்த்துவிட்டுக் கல்லூரித் தோழன் சொன்னான். நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது இருபது நிமிடத் திகில் படம். ஒரு பெண்ணின் முடி கொத்துக்கொத்தாக உதிரும், தோல் வெடிக்கும், உள்ளிருந்து மீன்செதில் முளைக்கும். கதையும் ஒப்பனையும் என்னுடையவை. தினமும் மூன்று மணி நேரம் பசை பூசிக்கொண்டு உட்கார யாரும் சம்மதிக்காததால் உடம்பும் என்னுடையதே. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குப் பிடிக்காது.

அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மைதா பிசைந்து ஒட்டினேன், சுருங்கியது. கடல்பாசி காய்ச்சி ஊற்றினேன், வெயிலில் வழிந்தது. அப்பா மலைக்கோயிலில் முடி இறக்கும் கொட்டகையில் வேலை செய்கிறார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன மத்தியானம், மொட்டை போட்ட குழந்தைகளின் தலைகளைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். பூசிய சந்தனம் காய்ந்து, வற்றிய ஏரிச் சேறு போல வெடித்திருந்தது. சந்தனத்தூளில் பசை கலந்து முழங்கையில் பூசிக் காட்டினேன்.

“ஐய, கைய எட்த்துக்கினு போ” என்று தோழன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசிக் காட்சிக்கு மொட்டைத் தலை வேண்டும். ரப்பர் தொப்பி மாட்டிப் பார்த்தால் காதோரம் மடிப்பு விழுந்தது. இரவல் கேமராவை ஞாயிறு மாலைக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். “மொட்ட போட்டு உடு நைனா” என்று ஞாயிறு காலையிலேயே அப்பா முன்னால் போய் உட்கார்ந்தேன். தோழன் எங்கள் வீட்டு வாசலில் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தான்.

அப்பா தண்ணீர் தெளித்து முடியை நனைத்தார். புது பிளேடைப் பாதியாக உடைத்துக் கத்தியில் மாட்டினார். என் தலையை மலைப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கொட்டகையில் எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார்.

“இன்னா வேண்டுதல்மா?”

“வேண்டுதல் ஒண்ணும் இல்ல. படத்துக்கு.”

தலைக்கு வந்த கத்தி நின்றது.

“சாமிக்கில்லாத தலையில நான் கத்தி வெச்சதே இல்ல. எதனா ஒண்ணு சொல்லேன். வேல கெடைக்கணும்னு சொல்லு.”

“நான் அப்பிடி வேண்டிக்கலயே நைனா.”

“இப்ப நெனச்சுக்கோ. யாரு கேக்கப்போறாங்க?”

“நீ கேட்டியே.”

“அப்ப சலூனுக்குப் போ.”

“பொம்பளைக்கு மொட்ட அடிக்க மாட்டேன்னுட்டான்.”

“இவ்ளோ படிச்சிகீற, ஒரு பொய் சொல்லத் தெரில உனக்கு” என்று சொல்லிவிட்டு, கத்தியைப் பலகைமேல் வைத்துச் சட்டையை எடுத்துக்கொண்டார். கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. ஒரு வார்த்தை போதும், வேலை முடிந்துவிடும். அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. ஈர முடியிலிருந்து தண்ணீர் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது.

தோழனைப் பார்த்து, “கேமராவ ஓட்டு” என்றேன். முடி உதிரும் காட்சியையும் இதிலேயே எடுத்துவிடலாம்.

அப்பா பொத்தான் போடுவதை நிறுத்தினார். அதற்குள் பலகைமேலிருந்த கத்தியை எடுத்து, நெற்றி நடுவிலிருந்து உச்சிவரை நானே இழுத்துவிட்டேன். முதல் கொத்து மடியில் விழுந்தது.