நஸ்ஹாவின் சமையலறைக் கூரை

எங்கள் சந்தில் முதன்முதலில் வீட்டுக்குச் சிவப்பு ஓடு போட்டவர் பட்டு வியாபாரி தன்னூஸ். பெய்ரூத் துறைமுகத்துக்கு ஓடு ஏற்றிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம். முகப்பில் மூன்று வளைவுகள், வண்ணக் கண்ணாடி, தரையெல்லாம் பளிங்கு. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர் மனைவி நஸ்ஹாவுக்கு மட்டும் அதில் ஒரு குறை; வெளியே சொல்லமாட்டாள். எதிர்வீட்டுக்காரியான எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒட்டியிருந்த, நஸ்ஹாவின் அண்ணன் வீட்டு மாடியறையில் அவள் தங்கை ஸஹிய்யா இருந்தாள். கால் விளங்காதவள், படியிறங்க முடியாது. அண்ணிக்கும் நஸ்ஹாவுக்கும் ஆகாது என்பதால் கீழ்வாசல் வழியே போகவும் வழியில்லை. மொட்டைமாடிகளுக்கு நடுவே இருந்த குட்டிச்சுவர்தான் அக்கா தங்கைக்கு உலகம். கோதுமை காயவைப்பதும் சண்டை போடுவதும் சிரிப்பதும் அங்கேதான். இப்போது சமையலறைக்கு மேல் மட்டும் பழைய தட்டை மண்கூரை மிச்சமிருந்தது. அடுத்த கப்பல் வந்தால் அதற்கும் ஓடு; ஓட்டுச் சரிவில் எங்கே உட்காருவது?

"உன் புருஷன்கிட்ட சொல்லித் தொலையேன்டி!" என்றேன்.

"ஆசையா கட்டறாரு அக்கா. அதுல போய் நான் நொட்டை சொல்லவா?"

முதல் மழை விடியற்காலையில் பிடித்துக்கொண்டது. மழை விழுந்தால் சந்தே கூரை ஏறிவிடும். கல்லுருளையை உருட்டிக் கூரை மண்ணை இறுக்காவிட்டால் வீடு ஒழுகும். தன்னூஸும் பழக்கதோஷத்தில் "உருளை, உருளை!" என்று கத்திக்கொண்டு வெறுங்காலோடு ஏணியில் ஓடினார்.

"என்ன முதலாளி, ஓட்டையும் உருட்டி நசுக்கப் போறீங்களா?" என்று நான் கேட்க, எல்லாக் கூரையிலும் சிரிப்பு.

அவர் சிரிக்கவில்லை. சமையலறைக் கூரையில் நஸ்ஹா நனைந்தபடி உருளையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தன் அறை வாசல்வரை தவழ்ந்து வந்திருந்த ஸஹிய்யா அழுதாள்.

"இதான் கடைசி மழையாக்கா நமக்கு?"

தன்னூஸ் ஏணியிலிருந்து அந்தக் கூரைக்கு ஏறினார். பிறகு, "தள்ளிக்கோ, நான் உருட்டறேன்," என்று மனைவி கையிலிருந்து உருளையை வாங்கினார்.

கப்பல் வந்தது. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்த மூலைய மட்டும் விட்டா, பாதி தலை சிரைச்ச மாதிரி இருக்கும் முதலாளி. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்யா. அது என் கொழுந்தியா உட்கார்ற இடம்."

வீடு முடிந்த அன்று தன்னூஸே சுவரைத் தாண்டிப் போய் ஸஹிய்யாவைத் தூக்கி வந்தார். வளைவுகளைக் காட்டினார், கண்ணாடியைக் காட்டினார், பளிங்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"சொல்லும்மா, எது புடிச்சிருக்கு?"

"சமையக்கட்டுக் கூரை அத்தான்," என்றாள் அவள்.

நஸ்ஹா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைக்க அவளுக்குக் கை மிச்சமில்லை; மறுகையால் புருஷன் சட்டையைப் பிடித்திருந்தாள்.