இன்ஸ்பெக்ஷன் நாளில் வண்டலூருக்கு

1993 செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு வண்டலூர் போனேன். என் மகள் கல்பனாவுக்குப் பத்தொன்பது வயது. மனவளர்ச்சி குன்றியவள், பேச்சு வராது. என் கணவர் இறந்த பிறகு பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஐந்து மாதம் முன்பு அங்கே ஒரு தனியார் இல்லத்தில் சேர்த்தேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மட்டும்தான் பார்க்க விடுவார்கள், மூன்றிலிருந்து ஐந்து மணி வரை, முன் ஹாலில். அந்த மாத ஞாயிறன்று அவள் மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம். வளையல் அழுத்தியதாம். என் பெண் வளையல் போட்டால் கழற்றி வீசிவிடுவாள். கட்டி வைக்கிறார்களோ என்ற பயத்தில் அதற்குப் பிறகு பத்து நாள் எனக்குச் சரியான தூக்கமில்லை. இப்படி ஓர் இல்லத்துக்குப் போகவிருக்கும் பெற்றோருக்கு உதவும் என்று வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு நடந்தால் அரை மணி. 8.50 ரயிலில் தாம்பரம். செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம், வெளியே வந்தால் பஸ் அடிக்கடி உண்டு. அங்கே இல்லத்தின் நீல நிற வேன் நின்றிருந்தது. டிரைவருக்கு என்னைத் தெரியும்.

"இன்னாக்கா, இன்னிக்கு வந்துகினு கீற? ஞாயித்திக்கிழமதான விடுவாங்க?"

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு. நீங்க யாருக்காக நிக்கறீங்க?"

"கவர்மென்ட் ஆபீசரு. இன்ஸ்பெக்ஷன். போன வாரமே லெட்டர் வந்துடுச்சு. ரெண்டு நாளா வெள்ளையடிச்சு பேஜாராப் போச்சு. இன்னிக்கு போவாதக்கா, சொன்னா கேளு."

சோதிக்க வருகிறவரைச் சோதனைக்கு உள்ளாகும் இடத்தின் வேனே அழைத்துப் போகிறது. டிரைவர் சொன்னதைக் கேட்காமல் பஸ் ஏறினேன். வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கம் சாலையில் நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருபது ரூபாய். ஆட்டோவைக் காத்திருக்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

கேட்டிலிருந்தே வராந்தா தெரிந்தது. புது விரிப்பு போட்ட கட்டில்கள், தலை வாரிப் பவுடர் பூசி உட்கார்ந்திருந்த பெண்கள். கல்பனா இல்லை.

"அந்தப் பொண்ணா? பிக்னிக்மா. ஜூவுக்குப் போயிருக்காங்க" என்றார் வாட்ச்மேன். கொஞ்சம் தள்ளி நின்று, "இன்ஸ்பெக்ஷன் வந்தா சத்தம் போடறதுங்கள எல்லாம் அங்கதான் அனுப்பறது" என்றார்.

திரும்பினேன். உயிரியல் பூங்கா நுழைவுச்சீட்டு இரண்டு ரூபாய். பூங்கா மிகப் பெரிது. நடக்க முடியாதவர்கள் யோசித்துப் போங்கள். நாற்பது நிமிடம் தேடினேன். எந்த விலங்கையும் நான் பார்க்கவில்லை. குரங்குக் கூண்டுகளைத் தாண்டி, ஒரு மரத்தடியில், பதினொரு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பழைய சேலையை நீளமாகக் கிழித்து முடிந்து, ஒவ்வொருத்தியின் மணிக்கட்டையும் அதில் கட்டியிருந்தார்கள். ஐந்தாவதாகக் கல்பனா.

உடன் இருந்தது தனம் என்ற ஆயா ஒருத்தி மட்டும். "பதினோரு பேருக்கு நான் ஒருத்திக்கா. ஒண்ணு ரோட்டுக்கு ஓடிட்டா எவன் பதில் சொல்றது?" என்று என் மேல் பாய்ந்தாள். பிறகு அவளே அழுதாள். நான் கல்பனாவின் முடிச்சை அவிழ்த்தேன். அவள் மறு நொடி கையை மறுபடி நீட்டினாள், கட்டச் சொல்லி.

இருவருமாக எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்தோம். கை கோத்து வாசலுக்கு அழைத்து வந்தோம். என் பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான், உண்மையைச் சொன்னால், நினைத்திருந்தேன். ஆபீசரிடம் சொன்னால் இல்லம் என்ன செய்யும்? வேறு எந்த இல்லம் இவளைச் சேர்த்துக்கொள்ளும்?

மணி ஒன்று இருக்கும். தாம்பரம் திரும்பும் நீல வேன் சாலையில் வந்தது. வேன் வந்தால் ஏற வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். பதினொருவரும் ஒரே நேரத்தில் அதை நோக்கி ஓடினார்கள். நானும் தனமும் அலறினோம். ஒரு லாரி ஹாரன் அடித்தபடி உரசிக்கொண்டு போனது. வேன் கிறீச்சிட்டு நின்றது. யாருக்கும் அடிபடவில்லை.

முன் சீட்டிலிருந்து ஆபீசர் இறங்கினார். சற்று வயதானவர். "யாரும்மா இவங்க?"

"நீங்க பார்த்துட்டு வர்ற ஹோம்ல இருக்கறவங்க சார்."

"ரெஜிஸ்டர்ல இருபத்தொரு பேர். இருபத்தொரு பேரையும் பார்த்துட்டேனே!" டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் ஸ்டியரிங்கையே பார்த்தார்.

என் பெண் அரசாங்கத்தின் கணக்கிலேயே இல்லை. அவள் காணாமல் போயிருந்தால் தேட ஒரு பெயர்கூட இருந்திருக்காது. அதுவரை இருந்த பயமெல்லாம் இதன் முன் சின்னதாகிவிட்டது. "இது கல்பனா சார், எழுதிக்கோங்க" என்றேன். மற்றவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. தனம்தான், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியின் தலையிலும் கை வைத்துச் சொன்னாள். ஆபீசர் தன் படிவத்தின் பின்புறம் எழுதினார்.

"எங்களுக்கு வண்டி கிடையாதும்மா. அவங்க அனுப்பற வண்டியிலதான் வரணும்" என்றார், நான் கேட்காமலே. பிறகு டிரைவரிடம், "திருப்புப்பா, ஹோமுக்கு."

பத்துப் பேரும் தனமும் அதே வேனில் போனார்கள். நான் கல்பனாவோடு பஸ் ஏறினேன்.

பத்துப் பெயர்களும் இப்போது ரெஜிஸ்டரில் ஏறிவிட்டன என்று அந்த ஆபீசர் கடிதம் போட்டார். தனத்துக்கு வேலை போய்விட்டது. அதற்கு நான்தான் காரணம்.

போகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது: பார்வை நாளில் போகாதீர்கள், வார நாளில் காலையில் போங்கள். அரசுக்குக் காட்டும் ரெஜிஸ்டரில் உங்கள் பிள்ளையின் பெயரை உங்கள் கண்ணால் பாருங்கள், பணம் கட்டிய ரசீதில் இருப்பது போதாது. உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் பெயரையும் கேட்டு வையுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல், சொந்த வண்டியில் வந்து சோதிக்க வேண்டும் என்று நாங்கள் நான்கு பெற்றோர் மனு கொடுத்திருக்கிறோம். பதில் இல்லை.

கல்பனாவை இப்போது பக்கத்து வீட்டு மேரி அக்கா பகலில் பார்த்துக்கொள்கிறார். எத்தனை நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மணிக்கட்டுத் தடம் மறைந்துவிட்டது. ஆனால் கொடியிலிருந்து நான் சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினால் போதும், எங்கிருந்தாலும் வந்து, என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.