பேசியவரே எடுத்துச் செல்ல வேண்டிய தாள்

எங்கள் அன்புத் தங்கை எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள், அவளுடன் பணியாற்றியவர்கள் அனைவருக்கும் அண்ணன் என்ற முறையில் என் வணக்கம். இதை எழுதித் தரும்படி மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சோர்வுதான் காரணம், வேறொன்றுமில்லை.

இந்த ஓராண்டில் என்னைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "வைத்தியத்துக்குச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போறதா எல்லாம் ரெடி பண்ணீங்களே, அப்புறம் ஏன் வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க?" கல்யாணப் பந்தியில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்டவர்கள் உண்டு. பிரான்சிலிருந்து சொல்தா சித்தப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், போன் செய்து, "அண்ணங்காரன் கைய விட்டுட்டான்னு இங்க பேசிக்கிறாங்கப்பா" என்றார். சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதி வைக்கிறேன். தங்கை என்ன வேலை செய்தாள் என்பது தெரிந்தால்தான் அந்தப் பதில் விளங்கும்.

தங்கை முத்தியால்பேட்டையில், ஒரே அறை கொண்ட வாடகை வீட்டில், எனக்கு ஆறு வயது இளையவளாகப் பிறந்தாள். எங்கள் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியபோது அவள் எட்டாம் வகுப்பு. அப்பா அதன்பின் ஒரு துணிக்கடையில் துணி மூட்டை, அதாவது பேல், பிரிக்கும் வேலைக்குப் போனார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. தங்கை பாலிடெக்னிக் முடித்து, மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். நெல்லித்தோப்பில் வாழ்க்கைப்பட்டாள். ஒரே மகள், இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

வேலையில் கெட்டிக்காரி என்பதால் ஒருநாள் கூப்பிட்டு புராஜெக்ட் மேனேஜர் ஆக்கினார்கள். புதிதாக ஒரு மெஷின் வரிசை நிறுவ வேண்டும், ஆட்களைச் சேர்க்க வேண்டும், சொன்ன தேதிக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு லேப்டாப் கொடுத்தார்கள். சமோசா, டீயுடன் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். அவ்வளவுதான். "நேத்து வரைக்கும் மெஷினப் பாத்தேன். இன்னிக்கு மெஷினப் பாக்குற ஆளுங்களப் பாருன்றாங்க. மெஷின்னா சத்தம் மாறினா எனக்குத் தெரியும் அண்ணா. ஆளுங்க சத்தமே போடாம உடைஞ்சு போறாங்க" என்றாள். அந்த முதல் வேலையில் எல்லாருடைய வேலையையும் அவளே செய்தாள். அப்படியும் மூன்று மாதம் தாமதம். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் ஆட்டோ பிடித்துத் திரும்பி வருவாள்.

அந்தச் சமயத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே உதவி, ஓசூர்க் கிளையில் அதே வேலை பார்த்த ஒரு பெண்மணி. தங்கை வயதுதான் இருக்கும். வாரம் ஒருமுறை போனில் பேசுவார்கள். "அவங்க எனக்கு ஒண்ணுமே சொல்லித் தரல. நான் சொல்றத முழுசாக் கேட்டாங்க. எனக்கு மேலதிகாரி இல்லாத ஒருத்தர்கிட்ட, தெரியலன்னு சொல்ல முடிஞ்சுது பாரு, அதுலயே பாதி பாரம் போச்சு" என்பாள்.

இரண்டாவது புராஜெக்ட்டைச் சொன்ன தேதியில் முடித்தாள். பிறகு, தனக்குக் கிடைத்ததைத் தன் கம்பெனியில் இருந்த மற்ற மேனேஜர்களுக்குச் செய்ய ஆரம்பித்தாள். புதன்கிழமை மதியம், கேன்டீன் காலியானதும், ஒருவர் மட்டும் வந்து அவள் எதிரே உட்கார வேண்டும். அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வீட்டு நாள்காட்டியில் தினம் கிழிக்கும் தாள்களைச் சேர்த்து வைத்திருப்பாள். வந்தவர் பேசப் பேச, அவர் சொன்னதில் முக்கியமானதை, அவருடைய வார்த்தையிலேயே, தாளின் பின்பக்கம் எழுதுவாள். சின்னத் தாள், மூன்று வரிக்கு மேல் இடம் இருக்காது. எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்துவாள். "நீங்க சொன்னது இதானே? படிங்க." படித்தவர் பல நேரம், "நான் இப்படியா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு, வேறொன்றைச் சொல்ல ஆரம்பிப்பார். உண்மையான தொல்லை அதில்தான் இருக்கும். கிளம்பும்போது தாளை அவரே எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு தாளைக்கூடத் தங்கை தன்னிடம் வைத்துக்கொண்டதில்லை. "பேசினது அவங்க. அவங்களோடது" என்பாள்.

இதற்குக் கோச்சிங் என்று பெயராம். நம் வீடுகளில் கோச்சிங் என்றால் டியூஷன்தானே. "உன் தங்கச்சி டியூஷன் எடுக்குறாளாமே, எந்த கிளாஸுக்கு?" என்று எங்கள் அத்தை என்னைக் கேட்டார். பெரியவங்களுக்கு என்றேன். முதியோர் கல்வி போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மிகவும் பாராட்டினார்.

நானும் புராஜெக்ட் மேனேஜர்தான், கட்டட வேலையில். வில்லியனூர்ப் பக்கம் மாணவர் விடுதி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது எனக்குச் சனி பிடித்தது. வேலை பின்தங்கிக்கொண்டே போனது. சைட்டில் நடக்கிற கெட்ட செய்தி எனக்குத்தான் கடைசியாகத் தெரியும். அடுத்த மாதம் உன்னை மாற்றிவிடுவோம் என்று முதலாளி சொல்லாமல் சொல்லிவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் வேறு யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்? தங்கை, "ஒரு நாள் வந்து உக்காந்து பேசேன் அண்ணா" என்றாள். "சைக்கிள் ஓட்ட உனக்குக் கத்துக் குடுத்தவன் நான். நீ எனக்குச் சொல்லித் தரப் போறியா?" என்றேன். "சொல்லித் தரமாட்டேன். அதுக்குத்தான் வரச் சொல்றேன்" என்றாள்.

வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அரை மணி நேரம் எல்லாரையும் திட்டினேன். அவள் தாளைத் திருப்பினாள். 'எவனும் என்கிட்ட உண்மையப் பேசுறதில்ல' என்று எழுதியிருந்தது. பிறகு கேட்டாள்: "கடைசியா உன்கிட்ட உண்மையப் பேசினவன் யாரு? அவனுக்கு என்னா ஆச்சு?"

தூணுக்கு அடித்த பலகை அடைப்பு சாய்ந்திருக்கிறது என்று ஓர் இன்ஜினியர் கான்கிரீட் போடுகிற அன்று காலையில் வந்து சொன்னார். இப்போ வந்து சொல்றியா என்று கத்தி, அவரை வேறு சைட்டுக்குத் துரத்தியவன் நான். கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். தாளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து நான் செய்தது என் குணத்துக்கே உரிய முட்டாள்தனம். தங்கை செய்வதுபோல் நானும் செய்வதென்று முடிவு செய்து, மறுநாளே நாள்காட்டித் தாள்களோடு சைட்டுக்குப் போனேன். மூன்று இன்ஜினியர்களையும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டேன். "இந்தச் சுவர் ஏன் லேட்டு? உன் தப்புதானே? ம், சொல்லு" என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் கண்முன்னாலேயே எழுதினேன். எழுதியதைத் திருப்பி, "படி" என்றேன். ஒருவர் படித்துப் பார்க்காமலே, "தப்புதான் சார்" என்றார். இன்னொருவர், "கையெழுத்துப் போடணுமா சார்?" என்று கேட்டார். மூன்றாமவர் மறுநாள் லீவு போட்டுவிட்டார்.

இதைக் கேட்டுத் தங்கை சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அது கேள்வி இல்ல அண்ணா, போலீஸ் விசாரணை. பதில் உனக்கு முன்னாடியே தெரிஞ்சுதுன்னா அத ஏன் கேக்குற? உனக்கு நெஜமாத் தெரியாதத மட்டும் கேளு. கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு உக்காரு."

உட்கார்ந்து பார்த்தேன். கல் சுமப்பதைவிடக் கஷ்டமான வேலை அது. மூன்றாவது வாரம், லீவு போட்ட அதே இன்ஜினியர், நான் ஒன்றும் பேசாமல் இருந்த இடைவெளியில், லிஃப்ட் குழியில் தண்ணீர் ஊறுவதாகச் சொன்னார். பதினைந்து நாளாக மறைத்து வைத்திருந்தார்களாம். கத்த வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். பூச்சு வேலைக்கு முன்பே சரிசெய்தோம். கட்டடம் தாமதமாகத்தான் முடிந்தது, அதை மறைப்பானேன். ஆனால் என்னை மாற்றவில்லை. என் வேலை அவளால்தான் நிலைத்தது என்பதை அவள் இருந்தபோது நான் அவளிடம் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

தங்கையின் கம்பெனியில் புதிதாக வந்த மேலதிகாரி, இந்தப் புதன்கிழமைப் பேச்சு எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்டார். எதிலும் வராது. நிறுத்தச் சொன்னார். தங்கை அதை வீட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். ஆறு நாள் கம்பெனி, ஏழாம் நாள் கூடத்தில் ஆட்கள். மாப்பிள்ளை முணுமுணுப்பார். அவள் இளைத்துக்கொண்டு வந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். வேலை அதிகம் என்று நாங்களே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டோம். அத்தனை பேரைக் கேட்டவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோய் தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது.

கதிர்காமம் மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டர் எங்களை உட்கார வைத்து மறைக்காமல் சொன்னார். சென்னையில் இன்னொரு சிகிச்சை முறை இருக்கிறது, வேண்டுமானால் முயலலாம், பெரிய பலன் எதிர்பார்க்காதீர்கள் என்றார். பெரிய பலன் என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. உடனே நான் மேனேஜர் ஆகிவிட்டேன். சென்னையில் படுக்கை, ஆம்புலன்ஸ், கூட யார் யார் எந்தெந்த நாள் என்று ஒரு பட்டியல். மாப்பிள்ளை தலையாட்டினார். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கஷாயமும் ஆளுக்கொரு கோயிலும் சொன்னார்கள். புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் மதியம் நான் பட்டியலோடு அவள் கட்டிலருகே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "நல்லாப் பண்ணியிருக்க அண்ணா. ஒண்ணும் விட்டுப் போகல" என்றாள்.

விட்டுப் போயிருந்தது. அதை அவள் சொன்ன விதத்தில் எனக்கு உறைத்தது. சட்டைப்பையில் துழாவினேன். பழைய நாள்காட்டித் தாள் ஒன்று இருந்தது. அந்த விடுதி வேலையிலிருந்து அது எனக்குப் பழக்கமாகிவிட்டது. "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். பதில் எனக்கு உண்மையாகவே தெரியாது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். டீ விற்பவர் வந்து போனார். நர்ஸ் வந்து பாட்டில் மாற்றிவிட்டுப் போனார்.

"அசதியா இருக்கு அண்ணா" என்றாள் கடைசியில். "எல்லாரும் எனக்காக ஓடுறீங்க, வேணாம்னு சொல்ல வாய் வரல. என்னால இனிமே முடியாது. எங்க வீட்டுக்குப் போறேன்."

எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. தாளைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். "நீ சொன்னது இதானே?" மூன்று வரியையும் படித்தாள். "ஆமாம்" என்றாள். தாளை வாங்கிக்கொண்டாள்.

நான் வெளியே வந்து ஆம்புலன்ஸை வேண்டாம் என்று சொன்னேன். மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்து ஏன் என்று கேட்டார், பிறகு உள்ளே போய் அவளிடம் கேட்டுவிட்டு வந்து என் தோளில் சாய்ந்து அழுதார். தங்கை நெல்லித்தோப்பு வீட்டில் பதினோரு நாள் இருந்தாள். ரசம் சாதம் இரண்டு வாய் கேட்டுச் சாப்பிட்டாள். மகளோடு பேசினாள். பன்னிரண்டாம் நாள் காலையில் போய்விட்டாள்.

அவளைக் கண்ணியமாகக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்களுக்கும், அந்தப் பதினோரு நாளும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்காமல் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும், ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்து ஒரு மணி நேரம் அவள் பேசக் கேட்டுவிட்டுப் போன அந்த அம்மையாருக்கும், எழுதிய தாள்களைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்ன அவளுடைய அலுவலக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட மாப்பிள்ளைக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். முடிவு அவளுடையது. அதற்கு என்னிடம் எழுத்துச் சாட்சியாக இருந்திருக்கக்கூடியது அந்தத் தாள் ஒன்றே. அவள் உடலைக் குளிப்பாட்டும்போது தலையணைக்கு அடியிலிருந்து மருமகள், தங்கையின் மகள்தான், அதை எடுத்து வந்து நீட்டினாள். "மாமா, இது உங்க கையெழுத்து. வெச்சுக்கிறீங்களா?" அதைக் கையில் வைத்திருந்தால் இந்த ஓராண்டு எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும், அது அப்போதே எனக்குத் தெரியும். "பேசினது உங்க அம்மா. அவங்ககிட்டயே வெச்சுடு" என்றேன். மருமகள் அதை மடித்துத் தங்கையின் கைக்குள் வைத்தாள். தங்கை அதை எடுத்துக்கொண்டு போனாள்.