ஃபுசாயே அக்கா வீட்டுப் புதுத் துண்டு

ஜப்பானில் எங்கள் போசோ கடற்கரையில் யார் வீட்டிலாவது கூரை வேலை என்றால் முதலில் துண்டு வரும். வேலையை எடுத்தவர் அக்கம்பக்கத்து வாசலெல்லாம் ஏறி, "நாளையிலேர்ந்து சத்தமா இருக்கும், மன்னிச்சுக்கணும்" என்று குனிந்து, வீட்டுக்கொரு புதுத் துண்டு நீட்டுவார். அதை வாங்கிக்கொண்டால் வேலை நிச்சயமான மாதிரி.

நாமேகாவா ஃபுசாயே அக்கா வீட்டுத் துண்டு எனக்கு ஜூன் மாதம் வந்தது. அக்கா கருவாட்டுக் கொட்டகையில் காலமெல்லாம் கானாங்கெளுத்தி கிழித்தவள். புருஷன் கடலோடு போனபின் தனிக்கட்டை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூட வாய் திறந்து கேட்கமாட்டாள். பார்க்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷப் புயல் தெருவில் பாதிக் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. அதிலிருந்து அவள் தலைக்கு மேலே நீலத் தார்ப்பாய்தான். அடுத்த புயலுக்குள் ஓடு போடாவிட்டால் அந்த வீடு நிற்காது. உள்ளூர்க் கூரைக்காரரோ அடுத்த வருஷம்தான் வருவேன் என்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து வெளியூரிலிருந்து கபாசாவா என்று ஒருத்தன் வந்தான். தேன் ஒழுகும் பேச்சு.

துண்டை வாங்கிய கையோடு அக்காவிடம் போனேன். "முன்பணம் எவ்வளவு கேட்டான்?"

"முழுசா."

"பன்னிரண்டு லட்சம் யென்னுமா? நம்ம ஊர்க்காரரு மூணுல ஒரு பங்குதானே வாங்குவாரு, அதுவும் ஓடு வந்து இறங்கினப்புறம்!"

"ஓடு தட்டுப்பாடாம் மித்சு. முழுசாக் கொடுத்தா எனக்குத்தான் முதல்ல ஒதுக்குவாராம்."

"கொடுத்துட்டியா?"

"வேண்டாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள தெரு முழுக்கத் துண்டு கொடுத்துட்டாரு. அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிறுத்தச் சொல்றது? கொடுத்துட்டேன்."

அட பாவி மனுஷி!

மறுநாள் காலை வேலையாட்களுக்கென்று தேநீரும் அரிசி முறுக்கும் வாசலில் எடுத்து வைத்தாள். யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வைத்தாள். எதிர்வீட்டு இஷிகே அண்ணா சும்மா இருப்பாரா? "என்ன ஃபுசாயே, உங்க வீட்டுச் சத்தம் காதைப் பொளக்குதே!"

"ஓடு வழியில வந்துக்கிட்டிருக்கு அண்ணா" என்று சிரித்தாள். கபாசாவாவின் போனை யாருமே எடுக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"போலீசுக்குப் போலாம், கிளம்பு."

"ஐயோ, ஊரே சிரிக்கும். யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே. என் மேல சத்தியம்."

செய்து தொலைத்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் கடல் நிறம் மாறிவிட்டது. படகுகளையெல்லாம் கரையேற்றிவிட்டார்கள். தார்ப்பாய் படபடவென்று அடிக்கிற சத்தம் என் அடுப்படிவரை கேட்டது. வெளியே வந்து பார்த்தால் அக்கா கூரை மேல் நிற்கிறாள், அந்தப் புதுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு.

"எறங்கித் தொலை அக்கா!"

"ஒரே ஒரு முடிச்சு மித்சு. ஓடு வர்ற வரைக்கும் தாங்கினாப் போதும்."

தார்ப்பாய்க்குள் காற்று புகுந்தது. அது எழும்பியபோது அக்காவையும் சேர்த்துத் தூக்கிப் போட்டது.

இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, இனி நடக்கமாட்டாள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வீட்டில் ஓடும் இல்லை, தார்ப்பாயும் இல்லை. மழை கூடத்தில் பெய்தது. அப்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிடாதே" என்றுதான் கெஞ்சினாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

நேற்று மத்தியானம் வாசல் மணி அடித்தது. வேறு ஆள். ஆனால் அதே குனிதல், அதே கபாசாவா பெயர் அச்சடித்த துண்டு.

"நாளையிலேர்ந்து எதிர்த்தாப்புல இஷிகே ஐயா வீட்டுல கொஞ்சம் சத்தமா…"

அவன் முடிப்பதற்குள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். இஷிகே அண்ணா பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"உட்காரு, ஏன் இப்படி மூச்சு வாங்குது? முழுசா. இன்னைக்குக் காலையிலதான் கட்டிட்டு வந்தேன்."

"யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க அண்ணா?" என்று கத்தினேன்.

"யாரைக் கேக்கணும்? நம்ம ஃபுசாயேதான் ஆஸ்பத்திரியிலகூட, ஓடு வழியில வந்துக்கிட்டிருக்குன்னு சொன்னாளே. அவ பொய் சொல்றவளா?"